உதயனின் பேரிங்

தேன்மொழி மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தாள். காற்று அடித்தால் யோயோ பேரிங்கின் பொடி வளையம் பறந்துவிடும். ஒருமுறை அப்படிப் பறந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது, அவள் தரையில் குப்புறப் படுத்துத் தேடிக்கொண்டிருந்தாள், உதயன் கட்டிலில் சாய்ந்தபடி "கெடச்சுதா, கெடச்சுதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான், எழுந்து வரவில்லை. இப்போது அவன் குளித்துக்கொண்டிருந்தான். பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தமும் அவன் பாட்டும் சேர்ந்து வந்தன. போட்டி நாளில் அவன் அவசரப்பட மாட்டான், தலைக்கு ஷாம்பு போடுவான், நகக்கண்ணில்கூட அழுக்கில்லாமல் பிரஷ் வைத்துத் தேய்ப்பான், நூல் விரலில் பிசுக்கில்லாமல் ஓட வேண்டும் என்பான். மேசைமேல் வெள்ளைத் துணி, அதன்மேல் ஒரு எவர்சில்வர் மூடி, தையல் ஊசி, காது குடையும் பட்ஸ், நெயில் பாலிஷ் ரிமூவர், மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பி, தையல் மிஷின் எண்ணெய். எல்லாவற்றுக்கும் நடுவில் அவனுடைய நீல யோயோ, அலுமினியத்தில் கடைந்தது, கல்யாண மோதிரத்தைவிட அதிக நேரம் அவன் கையில் இருப்பது. சாயங்காலம் மாலில் மாநிலப் போட்டி. உதயன்தான் ஜெயிப்பான் என்று எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். எதை வைத்து ஜெயிக்கப் போகிறான் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

யோயோவை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். கழன்று இரண்டு கிண்ணங்களாகப் பிரிந்தது, நடுவில் இருந்த பேரிங் ஒரு பாதியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. சின்ன விரலுக்குக்கூடப் போடமுடியாத மோதிரம் அது, உள்ளே பொடிப்பொடியாக இரும்பு உருண்டைகள், வெளியே நூல் சுற்றிக்கொள்ளும் இடம். இழுத்து எடுத்து பென்சில் முனையில் மாட்டிச் சுண்டினாள். கரகரவென்று ஓடிச் சட்டென்று நின்றது. அழுக்கு. நூலின் பஞ்சும் அவன் கை வியர்வையும் மாலும் பள்ளிக்கூடமுமாக அவன் போன இடத்துத் தூசியும். இதைக் கழுவி எண்ணெய் விடுவது அவள் வேலை என்று எப்போது ஆயிற்று? கல்யாணமான புதிதில் "எனக்குக் கை வேர்க்கும் தேனு, உன் கைதான் இதுக்கு லாயக்கு" என்றான். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள், எறும்புக் கால் மாதிரி இருக்கிற ஸ்க்ரூவையும் பார்க்காமலே முடுக்குவாள், அதனால் பெருமையாகக்கூட இருந்தது. லாயக்கு. அந்த வார்த்தையை அவன் எவ்வளவு அன்பாகச் சொன்னான். அன்றிலிருந்து அவன் ஒரு பேரிங்கையும் திறந்ததில்லை, உள்ளே எத்தனை உருண்டை என்று கேட்டால்கூடச் சொல்லத் தெரியாது. அவள் துடைத்துக் கொடுத்ததை அவன் சோதித்துப் பார்த்ததும் இல்லை. மேடை ஏறித்தான் முதல் வீச்சு, அது ராசி என்பான். ராசியா, சோம்பலா, அல்லது அவள்மேல் நம்பிக்கையா. மூன்றும் ஒன்றுதான் போலிருக்கிறது, புருஷன்மாருக்கு. ஊசி முனையால் பேரிங்கின் ஓரத்தில் இருந்த வளையத்தை நெம்பினாள். அது துள்ளியது, அவள் இடது கைக் குழிவில் விழுந்தது. மூடித் தகடும் கழன்றது. உள்ளே உருண்டைகள் கறுத்துப்போய் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ரிமூவரைக் குப்பியில் ஊற்றி எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடிக் குலுக்கினாள், கிலுகிலுவென்று சத்தம் வந்தது, குழந்தைக்குக் காட்டுகிற கிலுகிலுப்பை மாதிரி. வாசம் மூக்கில் ஏறியது. ஆஸ்பத்திரி வாசம் இல்லை இது. ஆனாலும் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வந்தது, எப்போதும் அதுதான் வருகிறது, எந்த வாசமானாலும் கொஞ்சம் காரமாக இருந்தால் போதும், அந்த வராந்தாவில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.

அப்பாவுக்கு இடது பக்கம் முழுதும் விழுந்துவிட்டிருந்தது. மின்வாரியத்தில் மீட்டர் பார்க்கிற வேலை, தெருத் தெருவாக நடந்த மனுஷன், ஜன்னலோரக் கட்டிலில் வாயின் ஒரு ஓரம் தொங்கிக் கிடந்தார். வார்த்தை வராது. வந்தாலும் குழைந்து வரும். தேன்மொழிக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை, சிரிஞ்சு வாங்கிவர வேண்டும், டாக்டர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டும். கைப்பையில் யோயோ இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பெசன்ட் நகர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமை யோயோ ஆடக் கூடுகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி, அங்கேதான் உதயனைப் பார்த்தாள், அவன் அப்போது நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டு திணறுகிறவன், அவள்தான் பக்கத்தில் நின்று எடுத்துவிடுவாள். எல்லாரும் அவளைத்தான் பார்க்க வருவார்கள். அது வேறு விஷயம். வேறு விஷயமா? வராந்தாவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவள் வீசுவாள், கட்டிலிலிருந்து அப்பாவுக்குத் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு. யோயோ நூலின் அடியில் சுழன்றுகொண்டே நிற்கும், அவள் நூலை விரல்களில் மடித்து மடித்து ஒரு பொட்டலம் மாதிரி பண்ணி அதில் யோயோவை ஏற்றுவாள். ஒருநாள் அது தவறிப்போனது. கைக்குத் திரும்பி வருகிற மாதிரி ஏறி வந்து, கைக்கு எட்டும் முன்னால் பொத்தென்று நூலுக்குள்ளிருந்தே நழுவி விழுந்து, கீழே போய், நிற்காமல் சுழன்றது. தவறுதலாக. அப்பா பார்த்துவிட்டார். முடிந்துவிட்டது என்று நினைத்தது முடியாமல் கீழே நின்று சுழன்றதைப் பார்த்து அவர் முகத்தின் நல்ல பாதி சிரித்தது. வலது கை விரல் ஒன்று போர்வைமேல் அசைந்தது. "இன்னொ… இன்னொ…" என்றார். இன்னொருக்கா. ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை. அவள் இன்னொருக்கா செய்யப் பார்த்தாள், வரவில்லை. தவறியதை வேண்டுமென்று செய்வது அவ்வளவு கஷ்டம். எத்தனையோ நாள் அந்த வராந்தாவில் நின்று அந்தத் தவறைப் பிடித்தாள், எந்த விரல் எப்போது விலகியது, எந்த மூச்சில். பிடித்ததும் அப்பா சொன்னதையே அதற்குப் பேராக வைத்தாள். இன்னொருக்கா. உதயன் சாப்பாட்டுப் பையோடு வந்த அன்று அவனுக்கும் காட்டினாள். "இரு இரு, ஃபோன்ல எடுத்துக்கறேன்" என்றான். எடுத்தான். நர்ஸ் வந்து சத்தம் போட்டதால் நிறுத்தினான். அவ்வளவுதான் அவன் எடுத்தது. அதற்கப்புறம் அவள் அந்த ஆட்டத்தை நீட்டினாள், முதல் முறை விழுந்தது மறுபடி ஏறி இரண்டாம் முறை மறுபக்கம் விழுகிற மாதிரி, அது அப்பாவுக்கு மட்டும். உதயன் பார்க்கவில்லை. அவனுக்குப் பாதிதான் தெரியும். பாதியை முழுசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

குப்பியைத் திறந்து ரிமூவரை எவர்சில்வர் மூடியில் வடித்தாள். சாம்பல் நிறம். புதிதாக ஊற்றினாள், மறுபடி குலுக்கினாள். விரல் நுனி சில்லிட்டு வெளுத்துப்போனது. அப்பா போனபிறகு அவள் யோயோவைத் தொடவில்லை, யாரும் தொடாதே என்று சொல்லவில்லை, காரியம் முடிந்தது, வேலைக்குப் போனாள், ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தாள். அந்த வருஷமே பெங்களூரில் தேசியப் போட்டி. மூன்றாவது வரிசையில் அவள். உதயன் மேடையில். பாட்டு நடுவில் ஒரு இடத்தில் அடங்கியது, அவன் நூலை மடித்தான், மடித்தான், யோயோ கைக்கு ஏறி வந்தது, கைக்கு எட்டும் முன்னால் விழுந்தது. கீழே நின்று சுழன்றது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அவளும் எழுந்து நின்றாள், நிற்காவிட்டால் முன்னால் நிற்பவர்கள் மறைக்கிறார்கள். கை தட்டினாள்கூட. தட்டினோமே, அதுதான், அதை நினைத்தால் உள்ளங்கை இப்போதும் எரிகிறது. அப்புறம் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் கேட்டான், இந்த டிரிக் எப்படி வந்துச்சு ப்ரோ என்று. "பைக்ல போயிட்டிருந்தேன். சிக்னல்ல நிக்கும்போது சும்மா தோணுச்சு" என்றான் உதயன். சும்மா தோணுச்சு. 'உதயன் டிராப்' என்று பேர் சொன்னான். இப்போது வெளிநாட்டிலெல்லாம் பிள்ளைகள் அந்தப் பேரில் அதைச் செய்து போடுகிறார்கள், பாதியை. திரும்பி வரும் ரயிலில், மேல் படுக்கையிலிருந்து எட்டிப் பார்த்து அவள் கேட்டாள். "அது நான் பண்ணினது இல்லயா உதய்?" கீழ்ப் படுக்கையில் கோப்பையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டிருந்தவன் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான். "நம்ம ரெண்டு பேருக்கும் தனித்தனியாவா தேனு?" என்றான். திருடியவன் முழி இல்லை அது. திருடியவன் முழியாக இருந்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு முடித்திருப்பாள், மன்னித்திருப்பாள்கூட. தனித்தனியாவா. தனித்தனி இல்லை என்றால் அப்பா யாருக்குச் சிரித்தார்? அந்த விரல் போர்வைமேல் யாருக்கு அசைந்தது? அதை அவன் ஒரு சிக்னலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான், பச்சை விழுந்ததும் கிளம்பிப் போய்விட்டான்.

குளியலறையில் பாட்டு நின்றது. அவள் கை நின்றது. மறுபடி பாட்டு தொடங்கியது, அதே வரி. சைக்கிள் பம்பை எடுத்து பேரிங்குக்குள் காற்றை அடித்தாள், ஈரம் பறந்தது. பென்சிலில் மாட்டிச் சுண்டினாள். இப்போது அது ஓடிற்று, ஓடிக்கொண்டே இருந்தது, மெல்லிய விசில் சத்தத்தோடு, ஒரு கொசு தூரத்தில் பறக்கிற மாதிரி. நல்ல பேரிங். இதற்கு ஊசி முனையில் தொட்டு ஒரு சொட்டில் கால்வாசி எண்ணெய் போதும். அதிகமாகப் போனால் யோயோ அடியில் நிற்காது. அலமாரியின் கீழ்த்தட்டில் கெட்டி கிரீஸ் டியூப் இருந்தது. உதயன் பள்ளிக்கூடங்களுக்குப் போய் வித்தை காட்டும்போது பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பிளாஸ்டிக் யோயோவுக்கு அதைத்தான் வைப்பாள். கிரீஸ் வைத்தால் நூல் கொஞ்சம் தொய்ந்தாலும் போதும், யோயோ நூலைக் கவ்விக்கொண்டு தானாக மேலே ஓடி வந்துவிடும், பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும். மேடையில் ஆடுகிறவனுக்கு அது எமன். நூல் தொய்கிற இடம் எது? 'உதயன் டிராப்'. அந்த இடத்தில் நூல் முழுக்கத் தொய்ந்தாக வேண்டும், தொய்ந்தால்தான் நழுவும். கீழே விழ வேண்டியது மேலே பாயும். முகத்துக்கு நேராக. அவள் எழுந்து போய் டியூப்பை எடுத்து வந்ததும், மூடியைத் திறந்ததும், ஊசி முனையில் மஞ்சளாக ஒரு உருண்டை எடுத்ததும் யாரோ செய்கிற மாதிரி நடந்தன. யாருக்கும் தெரியாது. பேரிங் என்றால் எப்போது வேண்டுமானாலும் சிக்கும். யாருக்கும் தெரியாது. உருண்டைகளுக்கு நடுவில் தடவினாள். பட்டாணிப் பருப்பு அரைத்த மாதிரி உள்ளே பரவியது. தகட்டை வைத்து வளையத்தை அழுத்தினாள், டிக்கென்று உட்கார்ந்தது. துடைத்துப் பார்த்தால் வெளியே பளபளவென்று இருந்தது, கழுவியதைவிட நன்றாக. யோயோவில் போட்டுத் திருகி மூடினாள். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமா? நாலு வருஷம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்தது விரல் நகம் அளவுக்கு ஒரு மோதிரத்துக்குள் அடங்கிவிட்டதா?

அடங்கவில்லை. மேசையில் வைத்த யோயோவைப் பார்த்துக்கொண்டு சாயங்காலத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பாட்டு அடங்குகிறது. அவன் மடிக்கிறான். கூட்டம் மூச்சைப் பிடிக்கிறது, எல்லாருக்கும் தெரிந்த இடம். யோயோ பாய்கிறது, விரல் கணுவில் அடிக்கிறது, நூல் சிக்கித் தொங்குகிறது. கூட்டம் "ஐயோ" என்கிறது. இதுவரை நன்றாக இருந்தது, திரும்பத் திரும்ப ஓட்டினாள், "ஐயோ" வரைக்கும், மறுபடி "ஐயோ" வரைக்கும், நாக்கில் புளியங்காய் வைத்த மாதிரி இருந்தது. அப்புறம்? அப்புறம் அவன் சிரிப்பான். யோயோவைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டித் தோளைக் குலுக்குவான். பேரிங் போயிடுச்சு. கூட்டம் கை தட்டும், பாவம் என்று இன்னும் பலமாகத் தட்டும். தோற்றது பேரிங்தானே, அவனா? ஆட்டம் அவனுடையதாகவே இருக்கும், ஒருநாள் சரியாக வராத அவனுடைய ஆட்டம். வீட்டுக்கு வருவான். கணு வீங்கியிருக்கும். சட்டைகூடக் கழற்றாமல் அவள் மடியில் தலையை வைத்துப் படுப்பான். "விடு தேனு, உன்மேல தப்பில்ல" என்பான். என்பானே. மன்னிப்பானே. அவள் அவன் தலையைத் தடவ வேண்டியிருக்கும், ஐஸ் எடுத்து வந்து வைக்க வேண்டியிருக்கும். அவனிடம் மன்னிப்பு வாங்குவதற்கா இவ்வளவும்? யோயோவைப் பிடித்துத் திருகித் திறந்தாள், அவசரத்தில் வளையத்தை நெம்பும்போது ஊசி விரலில் ஏறியது, ரத்தம் துளிர்த்தது, ரிமூவர் பட்டதும் சுரீரென்று பிடித்தது. கழுவினாள். மறுபடி கழுவினாள். கிரீஸ் லேசில் போகவில்லை, பட்ஸால் ஒவ்வொரு உருண்டையாகத் துடைத்தாள், குலுக்கினாள், வடித்தாள், காற்றடித்தாள். அவன் பேரிங் அவள் கழுவியதிலேயே சுத்தமாக இன்றைக்குத்தான் இருந்தது. அவன் தன் ஆட்டத்தை நன்றாகவே ஆடட்டும். துளி குறை இல்லாமல் ஆடட்டும். குறை பேரிங்கில் இருக்கக் கூடாது.

உள்ளறைக்குப் போய் பீரோவின் அடித்தட்டில் கையை விட்டாள். புடவைகளுக்குக் கீழே, அப்பாவின் சில்லறைச் சாமான்களுக்கு நடுவில், அவளுடைய சிவப்பு யோயோ. திருகியபோது கழலவில்லை, முந்தானையைச் சுற்றிப் பிடித்து முறுக்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்த பேரிங் அசையவே இல்லை. பழைய எண்ணெய் பசையாகக் காய்ந்து உருண்டைகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. குப்பியில் போட்டாள். அது ஊறும்போது ஃபோனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். போட்டி நடத்துகிற ஆசிஃப் பீச் நாட்களிலிருந்தே பழக்கம், அப்போது தலைமுடியைப் பச்சையாக்கிக்கொண்டு திரிந்தவன்.

"அக்கா? சொல்லுங்கக்கா. உதய் அண்ணன் கெளம்பிட்டாரா?"

"குளிக்கிறாரு. ஆசிஃப், பேர் குடுக்க இன்னும் டைம் இருக்கா?"

"இருக்கு. யாருக்கு?"

"எனக்கு."

அந்தப் பக்கம் மாலின் இரைச்சல் மட்டும் கேட்டது, யாரோ ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்கள். இப்போதும் வைத்துவிடலாம், சும்மா கேட்டேன் என்று சொல்லிவிடலாம்.

"அக்கா, நெஜமாவா?" என்றான் ஆசிஃப். "ஆனா லேட்டா பேர் குடுக்கறவங்கதான் மொதல்ல மேடை ஏறணும். யாருக்கும் மொதல்ல ஏறப் பிடிக்காது. உங்களுக்குப் பரவால்லயா?"

"உதயன் எப்போ?"

"அண்ணன் கடைசி. சாம்பியன்ல."

"பரவால்ல. என்னைய மொதல்ல போடு. பேர் தேன்மொழின்னு மட்டும் போடு, வேற எதுவும் சேக்காத."

ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். என்ன செய்துவிட்டோம்? நாலு வருஷம் தொடாத கை. வராவிட்டால்? நூலில் முடிச்சு விழுந்து எல்லார் முன்னாலும் பிரித்துக்கொண்டு நின்றால்? அதைவிட மோசம், வந்துவிட்டால், புருஷன் ஆட்டத்தைப் பார்த்துப் பொண்டாட்டி பண்ணுகிறாள் என்று சொல்லிவிட்டால்? சொல்வார்கள். முதல் விழுதல் வரைக்கும் சொல்வார்கள். அதற்கப்புறம் அது மறுபடி ஏறி மறுபக்கம் விழும்போது என்ன சொல்வார்கள்? நூலை மடிக்கத் தெரிந்த ஒவ்வொருத்தனுக்கும் தெரிந்துபோகும், வாலைப் பார்த்ததும் உடம்பு யாருடையது என்று. கடைசியில் அவன் ஏறுவான், எல்லாரும் முழுசைப் பார்த்துவிட்ட பிறகு, பாதியைத் தூக்கிக்கொண்டு. இதில் வீங்குகிற கணு இல்லை, ஐஸ் இல்லை, மடி இல்லை. குப்பியை எடுத்துக் குலுக்கினாள், பலமாக, தோள்பட்டை வலிக்கும் வரை. பேரிங் வெளியே வந்தபோது ஓரத்தில் கொஞ்சம் துரு தெரிந்தது. காற்றடித்தாள், ஊசி முனையில் எண்ணெய் தொட்டு வைத்தாள், அதே ஊசியால் அவன் பேரிங்குக்கும் வைத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பென்சில்களில் மாட்டிச் சுண்டினாள். அவனுடையது விசிலடித்தது. அவளுடையது லேசாக உறுமியது, துரு. உறுமினாலும் ஓடியது. அவனுடையதை யோயோவில் வைத்து மூடி மேசையின் மறுகோடியில் தள்ளிவைத்தாள்.

புது நூல் கட்டிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கொடியில் அவன் சட்டைகள் காய்ந்தன, அவற்றை ஓரம் தள்ளினாள். முதல் வீச்சிலேயே நூல் விரலை அறுத்தது, தோல் மென்மையாகிப் போயிருக்கிறது. இரண்டாவதில் மடித்தாள், தவறியது, யோயோ வாஷிங் மிஷினில் மோதி ஒலித்தது. கீழ் வீட்டு மிக்சி ஓடி நின்றது. மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு விட்டுவிட்டாள். எந்த விரல் எப்போது விலக வேண்டும் என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது, விரலுக்கு மறக்கவில்லை. ஏறி வந்தது, விழுந்தது, கீழே சுழன்றது. மூச்சை விட்டாள். இழுத்தாள். மறுபடி ஏறியது, முழங்கையைச் சுற்றி, மறுபக்கமாக, கைக்கு எட்டும் முன்னால், விழுந்தது. உறுமிக்கொண்டே நின்று சுழன்றது. கண்ணைத் திறந்தபோது உதயன் துண்டைக் கட்டிக்கொண்டு பால்கனிக் கதவில் நின்றிருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எவ்வளவு நேரமாக நிற்கிறான்?

"அது என்னது?" என்றான்.

"எது?"

"ரெண்டாவதா விழுந்துச்சே. அப்பிடி ஒண்ணு இல்லயே அதுல."

"இருக்கு. நீ ஃபோனை நிறுத்தினதுக்கு அப்புறம் இருக்கு."

அவன் சிரிக்கப் பார்த்தான். "சொல்லவே இல்ல பாத்தியா. சரி, ஒரு தடவை மெதுவா காட்டு, இன்னிக்கே சேத்துக்கறேன். செமயா இருக்கும்." கையை நீட்டிக்கொண்டே வந்தான், உப்பு டப்பாவை எடுக்க வருகிற மாதிரி. அவள் யோயோவை மேலே இழுத்துக் கையில் மூடிக்கொண்டாள். அவன் விரல்கள் அவள் மூடிய கைமேல் வந்து நின்றன, ஈரமாக, சோப்பு வாசத்தோடு. அவள் திறக்கவில்லை. அவன் இன்னும் கொஞ்ச நேரம் விரலை எடுக்காமல் இருந்தான், விளையாட்டு என்று நினைத்திருப்பான்.

"சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன். சாப்பிடு" என்றாள். "நானும் வர்றேன். ஆசிஃப்கிட்ட பேர் குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"ஆடறதுக்கு."

அவன் சாப்பிட உட்கார்ந்தான். ரசத்தை ஊற்றிப் பிசைந்தான், வாயில் வைக்கவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து விரல் காயத்தில் பிளாஸ்திரி ஒட்டினாள். அவன் முகத்தில் கணக்கு ஓடுவதைப் பார்க்க முடிந்தது, அவனுக்கு எதையும் மறைக்கத் தெரியாது, அதனால்தான் அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொண்டான் போல. "என்ன ஐட்டம் பண்ணப் போற?" என்றான் கடைசியில். அவள் பிளாஸ்திரியின் ஓரத்தை அழுத்தினாள். "எனக்கு முன்னாடியா, பின்னாடியா?" முன்னாடி என்றாள். "தேனு, அப்போ நான் எதைப் பண்றது?" என்றான். சாதாரணமாகத்தான் கேட்டான், எந்தச் சட்டை போடட்டும் என்று கேட்கிற குரலில். அவளுக்குச் சொல்லத் தோன்றியது எத்தனையோ, அப்பா, போர்வை, ரயில், எல்லாம் வரிசையில் நின்றன. சொன்னால் புரிந்துகொள்வான். புரிந்துகொண்டால் அழுவான், நல்லவன், அழுதால் அவளால் போக முடியாது. "மோர் ஊத்தவா?" என்று மட்டும் கேட்டாள்.

ஸ்கூட்டரில் அவன் ஓட்டினான், அவள் பின்னால் உட்கார்ந்தாள், இருவருக்கும் நடுவே பை. அதில் இரண்டு யோயோவும். வழக்கமாக அவன் வழியெல்லாம் பேசுவான், கை எடுத்துக் காட்டுவான், அவள் முன்னால பாரு என்பாள். இன்றைக்கு முன்னால் மட்டுமே பார்த்து ஓட்டினான். வெயில் தார்மேல் நெளிந்தது. அவன் கழுத்துக்குப் பின்னால் ஷாம்பு நுரை கொஞ்சம் காய்ந்து ஒட்டியிருந்தது, சாதாரண நாளாக இருந்தால் விரலால் துடைத்துவிட்டிருப்பாள். விரல் போனது, பாதியில் நின்றது. அவளுக்குப் பயமாக இருந்தது, அவனை நினைத்தா, மேடையை நினைத்தா, சாயங்காலத்துக்கு அப்புறம் திரும்பி இதே வண்டியில் இதே மாதிரி உட்கார்ந்து வர வேண்டியதை நினைத்தா, பிரித்துப் பார்க்க முடியவில்லை. பயத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது, அது ஆடாமல் இருந்தது. மேம்பாலத்தில் ஏறும்போது அவன் தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"தேனு, என்னோடதுக்கும் உன்னோடதுக்கும் ஒரே எண்ணெய்தான போட்ட?"

காற்றில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாள். கேட்டிருந்தது. "ஒரே எண்ணெய்தான்" என்றாள்.

மாலின் அடித்தளத்தில் வண்டியை நிறுத்தினான். ஸ்டாண்டு போட்டான். அவள் இறங்கிப் புடவையைச் சரிசெய்வதற்குள் அவன் பையைத் திறந்து தன் நீல யோயோவை எடுத்துவிட்டிருந்தான். வண்டியின் சீட்டில் வைத்துத் திருகினான், எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் இறுக்கினான், அப்புறம் மறுபக்கம் திருகினான். கழன்றது. ஃபோனில் டார்ச்சைப் போட்டு பேரிங்கை முகத்துக்கு அருகே கொண்டுபோனான். திருப்பினான். முகர்ந்து பார்த்தான். நகத்தால் சுண்டினான், அது விசிலடித்து ஓடியது, ஓடுவது நல்லதா கெட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. எதைத் தேட வேண்டும் என்றே அவனுக்குத் தெரியவில்லை. நெற்றியில் வேர்த்திருந்தது. சாம்பியன் என்று எழுதிய பனியனில் ஒரு கையைத் துடைத்துக்கொண்டு மறுகையால் பேரிங்கை அவளிடம் நீட்டினான்.

"நீ சொல்லு. சரியா இருக்கா?"

"சரியா இருக்கு உதய்."

"நெஜமா?"

"நெஜமாத்தான்."

அவள் சொன்னது உண்மை. அவள் இதுவரை கழுவியதில் அதுதான் நல்லது, உலகத்தில் எந்த மேடையிலும் அது சிக்காது. அவன் அவள் கண்ணையே பார்த்தான், கீழே பேரிங்கைப் பார்த்தான், மறுபடி அவளை. ஏழு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப்போன கை அது. இனி எத்தனை முறை உண்மை சொன்னாலும் இவன் இப்படித்தான் பார்ப்பான் என்று அவளுக்குத் தெரிந்தது. கிரீஸ் வைத்திருந்தால் ஒரு சாயங்காலத்தோடு போயிருக்கும். மேலே ஒலிபெருக்கியில் ஆசிஃபின் குரல், முதல் போட்டியாளர் மேடைக்கு அருகில் வரவும் என்றது. பையிலிருந்து சிவப்பு யோயோவை எடுத்துக்கொண்டு அவள் லிஃப்டுக்கு நடந்தாள். கதவு மூடுவதற்கு முன் திரும்பிப் பார்த்தாள். அவன் வரவில்லை. ஸ்கூட்டரின்மேல் குனிந்து, அந்தச் சின்ன மோதிரத்தை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான்.